மஞ்சள் நூல் கட்டிய கொழிஞ்சி

வயல்காட்டில் தானாக முளைக்கிற ஒரு செடிக்காகக் கடல் தாண்டி வந்த பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் அந்தச் செடியை அதுவரை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பெயர் மட்டும் தெரியும்: கொழிஞ்சி.

என் அண்ணன் ராசய்யாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. மலேசியாவில், எங்கள் ஈப்போவில் லாரி ஓட்டிய காலமெல்லாம் குடித்த குடி கடைசியில் வயிற்றில் நீராக வந்து நின்றது. பெரியாஸ்பத்திரியில் நீரை எடுத்தார்கள், திரும்ப ஏறியது. திரும்ப எடுத்தார்கள், அதுவும் ஏறியது. பிறகு டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று மலாயில் சொன்னார்.

பிடித்தது என்ன என்று கேட்டால் அவன் கொழிஞ்சி வேர் என்கிறான். இளவட்ட வயதில் அப்பாவோடு ஒரே ஒருமுறை ஏரல் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனவன் அவன். போன இடத்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டானாம். யாரோ ஒருவர் கொழிஞ்சிச் செடிக்கு நூல் கட்டி, மறுநாள் வேரைப் பிடுங்கி மோரில் அரைத்துக் கொடுக்க, எழுந்து உட்கார்ந்தானாம். "அந்த வேரு மட்டும் கெடச்சா நான் பொழைச்சுக்குவேன்" என்றான். அது காமாலை, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கண்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையை மகள் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினேன். வேரை நம்பிப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். போகாமல் அவன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தால், "போனியா?" என்று கேட்கிற அந்தக் கண்ணை எனக்குப் பார்க்கச் சக்தியில்லை. ஓடி வந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

முதல் நாள் திருநெல்வேலி டவுண். எங்கள் ஊரில் ஒரு மாதத்துக்கு அடிக்கிற ஹாரனை இங்கே ஒரு டவுண் பஸ் ஒரு ரத வீதிக்குள் அடித்துத் தீர்த்துவிடுகிறது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஈப்போவிலும் வெயில்தான், ஆனால் சாயங்காலம் ஒரு மழை வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். இங்கே அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ஒரு கடையில் வாழையிலைத் துண்டில் சூடாக அல்வாவை வைத்து நீட்டினார்கள். வாயில் வைத்தேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவ்வளவு ருசி. அண்ணன் கஞ்சித்தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கிறான் என்ற நினைப்பு வந்ததும் மிச்சத்தைத் தின்ன முடியவில்லை, எறியவும் மனமில்லை. கையில் நெய் வடிய வடிய மருந்துக்கடையைத் தேடி நடந்தேன்.

நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கொழிஞ்சி வேரா? இருக்கு. வயித்து வலிக்கா, பல்லு வலிக்கா?"

"ஈரலுக்கு. வயிறு முழுக்க நீர் கோத்திருக்கு. என் அண்ணனுக்கு."

அவர் கை டப்பாவின் மூடியிலேயே நின்றது. "காமாலைக்கு வாங்கிட்டுப் போவாவ. மண்ணீரல் வீக்கத்துக்கு மோருல அரைச்சுக் குடிப்பாவ. சொறி செரங்குக்கு வெதைய அரைச்சுத் தடவுவாவ. நீரு கோத்ததுக்கு…" என்று இழுத்தவர், "கொண்டு போங்க. மனசுக்கு ஒரு தெம்பு" என்று முடித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனசுக்குத் தெம்பு வேண்டுமென்றால் ஈப்போவிலேயே கோயில் இருக்கிறதே. இருந்தும் கடை வாசலில் நின்றபடி அண்ணனை வீடியோவில் கூப்பிட்டு வேரைக் காட்டினேன். அண்ணிதான் போனைப் பிடித்திருந்தாள். அவன் முகம் இன்னும் மஞ்சளாகியிருந்தது.

"காஞ்ச குச்சி இது. வேண்டாம்" என்றான். "பச்சை வேரு. நூலு கட்டிப் புடுங்கினது."

கடைக்காரரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நூலு கட்டிப் புடுங்குத ஆளா? ஏரலுக்கு அடுத்தாப்புல சுடலைமுத்துன்னு ஒருத்தரு உண்டும். வாழையெல யாவாரம் பாக்காரு. எனக்கு வேரு கொண்டாந்து போடுததும் அவருதான்" என்று போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

மத்தியானம் சாப்பிட்ட இடத்தில் சொதி ஊற்றினார்கள். எங்கள் வீட்டுச் சொதி தேங்காய்ப்பாலோடு முடிந்துவிடும். இங்கே பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கலக்கி, கூடவே இஞ்சித் துவையலும் வைக்கிறார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாடாம் அது. பக்கத்து மேசையில் ஒரு புது மாப்பிள்ளை மூன்றாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான். உலகத்தில் சில பேருக்குப் பசிக்கிறது என்பதே எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஏரல் பஸ். ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷம் செய்துங்கநல்லூர் தாண்டியதும் போயிற்று. டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு தனித்தனியாகக் கோபப்பட்டிருப்போம். இங்கே பத்து பேர் டிரைவரைச் சுற்றி நின்று சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்று அவருக்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

சாலைச் சரிவில் ஊதாப்பூ பூத்த சின்னச் செடிகள் நின்றன. முழங்கால் உயரம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற அம்மாளிடம், இது என்ன செடி என்று கேட்டேன்.

"இது கொழிஞ்சில்லா."

கடல் தாண்டித் தேடி வந்தது காலடியில் நிற்கிறது. அந்த அம்மாள் ஓர் இலையைப் பறித்து, நுனியைப் பிடித்து இழுத்தாள். இலை குறுக்கே கிழியாமல் அம்புமுனை மாதிரி கிழிந்தது. "இப்படிக் கிழிஞ்சா கொழிஞ்சி. வேற எதும் இப்படிக் கிழியாது. எங்க பக்கம் நெல்லறுத்த பொறவு வயல்ல தானா மொளைக்கும். தண்ணி வந்ததும் மடக்கி உழுதிருவோம். அதைவிட உரம் ஒண்ணு உண்டா?"

நான் குனிந்து செடியைப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "ரோட்டோரமெல்லாம் களைக்கு மருந்து அடிச்சிருக்காவ. தொடாதிய. யாருக்கு வேணும்?"

சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கையில் வைத்தாள். அந்தப் பழத்தைக் கடித்தபடி நான் அழுதேன். சக்கரம் மாட்டியாகிவிட்டது என்று கண்டக்டர் விசிலடித்தார்.

சுடலைமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து தார் நிறத்தில் எதையோ குடித்துக்கொண்டிருந்தார். கருப்பட்டிக் காப்பி. எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் உடனே சம்மதிக்கவில்லை.

"நான் டாக்டரு கிடையாது தாயி. காமாலைன்னா தைரியமா குடுப்பேன். நீரு கோத்த வயித்துக்குக் குடுத்து, பொழைச்சாவன்னு நான் பாத்ததில்ல. பொய் சொல்லி அனுப்பமாட்டேன்."

"எனக்கும் தெரியும்" என்றேன். "அவனுக்குத் தெரியாது."

அவர் ஓர் இலைக்கட்டை இறுக்கிக் கட்டி ஓரமாக வைத்தார். "சரி. சாயங்காலம் கட்டுவோம். விடியக்காலம் புடுங்கித் தாரேன்."

பொழுது சாயும்போது வயலுக்குப் போனோம். வரப்பில் களைக்கொல்லி அடித்திருந்ததால் வயலுக்குள் இறங்கினோம். கோடையில் காய்ந்து வெடித்துக் கிடந்த வயல் முழுக்கக் கொழிஞ்சி, ஊதாவும் பச்சையுமாக. வயல் பேச்சியம்மாள் என்கிற பெண்ணுடையது. வேர் எடுக்க யாரும் யார் வயலிலும் இறங்கலாம், அது இங்கே வழக்கமாம். தென்மேற்கு மூலையில் நல்ல தண்டுள்ள ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, தூரில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். மஞ்சளில் நனைத்த நூலைத் தண்டில் சுற்றி முடிபோட்டார். பிறகு குத்தவைத்து, குழந்தையின் காதில் பேர் சொல்வது மாதிரி, அண்ணன் பெயரையும் நோயையும் செடிக்கிட்டே மெதுவாகச் சொன்னார்.

"இப்பவே பிடுங்கிவிடலாமே" என்றேன். எனக்கு ஒவ்வொரு மணிநேரமும் கணக்கு.

"சொன்ன செடி ஒரு ராத்திரி நிக்கணும். இரும்பு படக்கூடாது, ஆணிவேரு அறக்கூடாது. ஒரு பேருக்கு ஒரு செடிதான், மாத்திக் கட்ட முடியாது. அதைவிட முக்கியம், புடுங்குத வரைக்கும் எந்தச் செடி, யாரு பேருன்னு ஒரு ஆளுட்டயும் மூச்சு விடக்கூடாது. நோயாளி பாத்தா தோசமில்ல."

ஆகவே அண்ணனுக்கு மட்டும் வீடியோவில் காட்டினேன். நூலைப் பார்த்ததும் அவன் தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தான். "அதேதான்! அப்பவும் இப்படித்தான் மஞ்ச நூலு!" என்றான். அண்ணி அன்று ராத்திரி செய்தி அனுப்பியிருந்தாள்: ரசம் விட்டு ஒரு கை சோறு தின்றானாம்.

திரும்பும் வழியில் வரப்பில் ஒரு பெண் எதிரே வந்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டிருந்தாள். "என்ன அண்ணாச்சி, இந்நேரத்துல இந்தப் பக்கம்? விருந்தாளி யாரு?" என்று சிரித்தாள். "சும்மா, காத்து வாங்க வந்தோம்" என்றார் சுடலைமுத்து. அவள்தான் பேச்சியம்மாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்பதால் அவர் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஊரில் வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான்.

ஏரலில் ஒரு லாட்ஜில் படுத்தேன். விடியுமுன்பே ஆட்டோவில் சுடலைமுத்து வீட்டுக்குப் போனபோது தெருவே விழித்திருந்தது. யாரோ ஓடினார்கள், யாரோ சிரித்தார்கள். "வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு வே!" என்று ஒரு கிழவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூவினார். அணையைத் திறந்துவிட்டார்களாம், ராத்திரியே தண்ணீர் வயலுக்குள் பாய்ந்துவிட்டதாம். இந்தத் தண்ணீர் வருமா வராதா என்று ஊரே காத்துக் கிடந்திருக்கிறது. சுடலைமுத்து முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அது செத்தது. வயலைப் பார்த்து ஓடத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன்.

வயலில் டிராக்டர் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரில் இருக்கிற வண்டிகளுக்கு அன்றைக்கு அடிதடியாம். முந்திக்கொண்டவர்களுக்கு முதல் உழவு. பேச்சியம்மாள் முந்திக்கொண்டுவிட்டாள். நேற்று வெடித்துக் கிடந்த மண் கறுத்த சேறாகக் குழம்பியிருந்தது. கொழிஞ்சியெல்லாம் அதற்குள் புரண்டு, ஒரு கொப்பு இங்கே, ஒரு கொப்பு அங்கே நீட்டிக்கொண்டிருந்தது. தென்மேற்கு மூலை எது என்றே எனக்குத் தெரியவில்லை.

"நிறுத்துலே! ஏலே, நிறுத்து!" என்று சுடலைமுத்து கத்தினார். டிராக்டர் இரைச்சலில் டிரைவர் கையசைத்துவிட்டு இன்னொரு சுற்றுப் போனான். வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்திருப்பான்.

வண்டி நின்றதும் விஷயத்தைச் சொன்னோம். பேச்சியம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டாள். "அடப்பாவி அண்ணாச்சி! நேத்து எம் முன்னாலதான நின்னிய? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? அந்த மூலைய விட்டு உழச் சொல்லியிருப்பனே!"

"சொல்லக்கூடாதுன்னுதான சொல்லல" என்றார் அவர். வரப்பில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். டிரைவரும் இறங்கினான். நானும் செருப்போடு இறங்கி, செருப்பைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, முழங்காலிட்டுத் துழாவினேன். கையில் வேர் வேராக வந்தது, தண்டு தண்டாக வந்தது. மஞ்சள் நூல் மட்டும் வரவில்லை. எவ்வளவு நேரம் துழாவினோமோ, வெயில் முதுகில் ஏறிவிட்டது.

"வேற ஒண்ணு கட்டுங்க!" என்று சுடலைமுத்துவிடம் கத்தினேன்.

"ஒரு பேருக்கு ஒண்ணுதான் தாயி."

"உங்க சாங்கியத்த கொண்டுபோய் ஆத்துல போடுங்க! அது செடி! இதுவும் செடி!"

அவர் எழுந்துபோய், மருந்து படாத வாய்க்கால் மேட்டில் ஒரு கொழிஞ்சியை விரலாலும் குச்சியாலும் நோண்டி, ஆணிவேர் அறாமல் எடுத்து, கழுவி, வாழையிலையில் சுற்றி என் கையில் வைத்தார். "இது வெறும் வேருதான். அண்ணன்ட்ட எதுவேணா சொல்லிக்கிடுங்க" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அண்ணனே கூப்பிட்டான். வேரைத் தூக்கிக் காட்டினேன். சிரிக்கக்கூட முயற்சி செய்தேன்.

"நூலு எங்க?" என்றான்.

அறுந்து விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. உழுதுவிட்டார்கள் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தண்ணி வந்துருச்சா?" என்றான்.

"வந்துருச்சு."

"காட்டு."

போனை வாய்க்கால் பக்கம் திருப்பினேன். கரை தொட்டுச் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. வாழைச்சருகும் நுரையும் மிதந்து போயின. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கை வலித்தது, மாற்றிப் பிடித்தேன். கடைசியில், "நல்ல தண்ணி" என்றான். "சரி விடு. நீ வந்துரு." அதற்குப் பிறகு அவன் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னாள்.

எனக்கு உடனே டிக்கெட் கிடைக்கவில்லை. நடுவில் ஒரு முழு நாள் ஏரல் லாட்ஜில் கிடந்தேன். ஆற்றுப் பாலத்தில் ஜனங்கள் தண்ணீர் பார்க்க நின்றார்கள். கடைகளில் எல்லாம் தண்ணீர்ப் பேச்சு. இட்லி வைத்தவர் தண்ணீர் வந்ததற்காக எனக்கு ஒரு வடையைக் கேட்காமலேயே வைத்தார். அவர் மேல் தப்பில்லை. அந்த வடையைப் பார்த்து எனக்கு வந்த வெறுப்பு எந்த மனிதர் மேலும் வந்ததில்லை.

திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கிற வரிசையில் நிற்கும்போது அண்ணி கூப்பிட்டாள். எடுத்தேன். அவள் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் வரிசையிலிருந்து விலகி ஒரு தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மடியில் இருந்த பையில் அந்த வெறும் வேர் வாழையிலைக்குள் வாடிக்கொண்டிருந்தது. எவ்வளவு முட்டாள்தனமான வாசனை அது, பச்சைப் பயறு மாதிரி.

அந்த நேரத்தில் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. சேறு அப்பிய ஒரு கை, அதில் பாதி அறுந்த ஒரு வேர், தண்டில் அழுக்கேறிய மஞ்சள் நூல். கூடவே பேச்சியம்மாளின் குரல், சுடலைமுத்துவிடம் என் நம்பரை வாங்கியிருக்க வேண்டும்: "அக்கா, கெடச்சிட்டு! அந்த மூலைய மட்டும் ரெண்டாம் உழவுக்கு விடாம வச்சிருந்தேன். இப்பத்தான் கையில தட்டுப்பட்டுச்சு. வேரு பாதிதான் இருக்கு, ஆனா நூலு அப்படியே இருக்கு. நீங்க பிளேன் ஏறீட்டியளா? யாரு கையிலயாவது குடுத்து விடட்டா? அண்ணன்ட்ட சொல்லிருங்க, கெடச்சிட்டுன்னு."

அவளைக் கூப்பிட்டேன். பின்னால் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது, நான் சொன்னது அவளுக்கு முதலில் கேட்கவில்லை.

"அனுப்ப வேணாம்" என்று திரும்பச் சொன்னேன். "அந்த மூலையிலேயே போட்டு உழுதிருங்க. நாத்து நடுங்க."

அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு, "அவிய பேரு என்னக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பிடுங்குகிற வரைக்கும் யாரிடமும் சொல்லக்கூடாது என்றிருந்த பெயர். "ராசய்யா" என்றேன்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "ஏலே, வண்டிய நிறுத்துலே, சாவு" என்று கத்துவது கேட்டது. டிராக்டர் சத்தம் நின்றது.